சிவப்புப் புள்ளி ஓடிய பத்தொன்பது நிமிடங்கள்

திரையின் மேல்மூலையில் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்தால் எல்லாம் பதிவாகிறது என்று பொருள். இணையப் பக்கங்களைச் சோதிக்கும் வேலையில் பினாங்கிலிருக்கும் மகள் அனுப்பிய மென்பொருள் அது. ராசா என்ற எங்கள் ஊரில், வீட்டு மேசையில் நான் எங்கே தட்டுகிறேன், எங்கே திணறுகிறேன் என்பதை என் குரலோடு சேர்த்து அவளுக்குக் காட்டிவிடும். அன்று சோதனைக்கு வந்தது ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கம். நெஞ்சு மருத்துவரைப் பார்க்க, பாவனையாக ஒரு நாள் குறிக்க வேண்டும். "உங்கள டெஸ்ட் பண்ணலப்பா, பக்கத்தத்தான் டெஸ்ட் பண்றோம். மனசுல வர்றத அப்படியே சொல்லுங்க, போதும்லா" என்றாள்.

ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். கூரை ஒழுகும்போதும், துரை கேட்டால் எல்லாம் சரி என்றே சொல்லிப் பழகியவன். திரைக்கு முன்னாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "சுலபம், ரொம்பச் சுலபம்" என்றேன். அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தாள். "கிராணி ஐயா, திரைக்குள்ள துரையா உக்காந்திருக்காரு?" சிரிப்புக்கு நடுவே இருமலும் வந்தது. பதிவு கெட்டுவிடுமே என்று, "உஷ், சத்தம் போடாத" என்று அதட்டினேன். கடைசியில் வந்த கேள்வி: எது கடினமாக இருந்தது? 'எதுவுமில்லை' என்று தட்டினேன்.

மறுநாள் மகள் அழைத்தாள். "ஒரு நாள் குறிக்க இருபத்தேழு கிளிக்குப்பா! ஈசின்னு வேற சொல்றீங்க. அது இருக்கட்டும், அம்மாவா அப்படி இருமுறது?" எதிரில் நின்ற மனைவி வேண்டாமென்று கையை ஆட்டினாள். மகள் விடுப்பெடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாளாம். "தூசிம்மா" என்றேன்.

அந்த இருமலுக்கு அன்று ஐந்து வாரம். பாவனைக்கு நாள் குறித்த நான், அவளுக்கென்று ஒரு நாள் குறிக்கவில்லை. பிறகு நிஜமாகவே போனபோது, இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்று மருத்துவர் என்னைத்தான் கேட்டார். அதிலிருந்து நாற்பத்தொன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

மகள் அந்தப் பதிவைப் பிரதியெடுத்துத் தந்தாள். அம்மாவின் சிரிப்பு அதில்தான் இருக்கிறது என்றாள். தினமும் ஒருமுறை போடுகிறேன். பத்தொன்பது நிமிடத்தில் இருமல் பதினான்கு, சிரிப்பு ஒன்று. அதையும் என் அதட்டல் பாதியில் வெட்டிவிடுகிறது. கடைசியில் அதே கேள்வி வருகிறது. 'எதுவுமில்லை' என்று எழுத்தெழுத்தாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எதைத் தட்டினாலும் அந்தக் கட்டத்துக்குள் போவதில்லை. சிவப்புப் புள்ளி அணைகிறது.