பால்சுறாவோடு ஒரு விடுமுறை

சமாதானம் காகிதத்தில் மட்டும் மிஞ்சியிருந்த காலத்தில் நானும் மனைவியும் மன்னார்த் தீவில் இருக்கும் பேசாலைக்கு விடுமுறை கழிக்கப் போனோம். அந்த நாட்களில் வெளியூர் ஆட்கள் பேசாலைக்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: வள்ளம் ஏறிக் களவாக இந்தியாவுக்குத் தப்பிப் போக. கடல் காற்று வாங்க வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அந்தப் பெருமை அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

கூப்பிட்டது மனைவியின் அண்ணன். "வவுனியாவில என்னத்தை மச்சான் கண்டீங்கள்? வேலை செய்யிற சைக்கிள் கடையும் ஆமிச் சென்றிப் பொயின்ரும். வாங்கோ, ஒரு மாசம் நிண்டு நல்ல மீன் சாப்பிட்டுப் போங்கோ" என்று போனில் உருகினார். எங்கள் கலியாணம் முடிந்து இத்தனை வருடத்தில் ஒரு தேத்தண்ணிக்குக் கூடக் கூப்பிடாத மனிதர். எனக்கு ஆட்களோடு கதைக்கவே கூச்சம். மாட்டேன் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். போனோம்.

முதலில் ஊர் சுற்றிப் பார்த்தோம். மன்னார் ரவுணில் யானைக்கால் வந்ததுபோல் நின்ற பெருக்க மரத்தைப் பார்த்தோம். கழுதைகளைப் பார்த்தோம், அந்தத் தீவில் அடையாள அட்டை காட்டாமல் றோட்டைக் கடந்தவை அவைதான். தலைமன்னாரில் ரயில் ஸ்டேஷன் இருந்தது, ரயிலும் தண்டவாளமும்தான் இல்லை. இராமர் அணையைப் பார்க்கலாம் என்று நடந்தோம். நேவிக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். இராமருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

பிறகு பின்னேரங்களில் பேசாலைக் கடற்கரையிலேயே நடந்தோம். அதுதான் பிழையாய்ப் போயிற்று. புதிதாக வந்த ஒரு புருசனும் பெண்சாதியும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றால் ஊர் என்ன நினைக்கும்?

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமல் கேட்டார்: "எப்ப பயணம்?"

"பயணமில்லை, லீவுக்கு வந்தனாங்கள்" என்றேன்.

"ஓம் ஓம். போன கிழமை போனவையும் லீவுக்குத்தான் வந்தவை."

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அதுக்கு முந்தி வந்தவைக்கு மடு மாதா கோயிலில நேத்தியாம். மடு எந்தப் பக்கம் எண்டு கேட்டால் கடலைக் காட்டினம்!"

நான் இல்லை என்று சொல்லச் சொல்ல எங்கள் பயணம் உறுதியாகிக்கொண்டே போயிற்று. களவாகப் போகிறவன் ஓம், போறன் என்றா சொல்லுவான்?

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். கருவாடு காயப் போட்டு விற்கிறவள். இறுக்கிக் கட்டிய ஒரு பார்சலை என் கையில் வைத்தாள்.

"தம்பி, இதை என்ர மகளிட்டக் குடுத்துவிடுங்கோ. அங்கால மண்டபம் அகதி முகாமில இருக்கிறாள். அடுத்த மாசம் பிள்ளை பிறக்கும்."

உள்ளே பால்சுறாக் கருவாடும் சரக்குத் தூளும் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் பக்கத்தில் பால்சுறாவைத்தான் சமைத்துக் கொடுப்பார்கள், மிளகும் மல்லியும் சேர்த்து வறுத்து இடித்த அந்தத் தூளைப் போட்டு.

"தாய் பக்கத்தில இல்லாமல் பெறப்போறாள். கறியெண்டாலும் என்ர கையால செய்த சரக்கில இருக்கட்டும்."

"அக்கா, நாங்கள் இந்தியாவுக்குப் போகேல்லை…"

"தெரியும் தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். "வாயில என்ன, கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்? இப்ப அந்தப் பிள்ளைக்கு நீந்திக் கொண்டுபோய்க் குடுங்கோ."

அன்றிலிருந்து பால்சுறாவும் எங்கள் அறையில் விடுமுறை கழித்தது. கடல் காற்று வாங்கப் போனவர்கள் கருவாட்டுக் காற்று வாங்கினோம். இரண்டு தரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கடல் அமைதியாத்தான் கிடக்கு, என்ன தம்பி?" என்று கேட்பாள். நான் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். அங்கே ஒருத்திக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே கருவாடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதையைக் கேட்டு மச்சான்தான் ஊரிலேயே பெரிதாகச் சிரித்தார். "உங்களைப் போய் ஓடுற ஆக்களெண்டு நினைச்சிட்டுதுகளே! நாங்களெண்டால் இந்த மண்ணை விட்டு ஒரு அடி நகரமாட்டம்." சிரித்து முடித்துவிட்டு, கிணற்றுக் கயிறு எந்த இடத்தில் சிக்கும், எந்தக் கோழி எங்கே முட்டையிடும், மழைக்குக் கூரை எங்கே ஒழுகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். விருந்தாளிக்குக் கூரை ஒழுக்கைக் காட்டும் வழக்கம் வவுனியாவில் இல்லை. கரையோரத்து உபசாரம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவருடைய மனைவி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். மச்சான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "நாங்கள் இண்டைக்கு வெளிக்கிடுறம்."

"எங்க, மடுவுக்கோ?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன்.

"அக்கரைக்கு. இவள் பயத்தில நித்திரையே கொள்ளுறேல்லை. வீட்டைச் சும்மா விட்டால் கூரைத் தகரமும் மிஞ்சாது மச்சான். கொழும்பிலயிருந்து இவளின்ர தம்பி வருமட்டும் நீங்கள் நிண்டால் காணும்."

மனைவி கேட்டாள்: "அப்ப அண்ணை, லீவுக்கெண்டு கூப்பிட்டது?"

"லீவுதானே. கடல் எங்கயும் போகாது, ஆறுதலாப் பாருங்கோ."

நான் எழும்பினேன். கூச்சம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அறைக்குப் போய்ப் பார்சலைக் கொண்டுவந்து அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிட்டக் குடுத்தால் நிக்கிறம். இல்லாட்டி பின்னேர பஸ்ஸில நாங்களும் வெளிக்கிடுறம்."

"வள்ளத்தில ஆளுக்கொரு பைதான் விடுவாங்கள் மச்சான். என்ர பையில ரேடியோவையே இறுக்கித் திணிச்சுத்தான்…"

"ரேடியோவை வைச்சிட்டுப் போங்கோ."

மனைவி என்னைக் கலியாணத்தன்று கூட அப்படிப் பார்த்ததில்லை.

விடிந்தபோது அவர்கள் இல்லை. நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். அக்கா வேலியால் எட்டிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று.

"நீங்கள் போகேல்லையோ? அப்ப என்ர பால்சுறா?"

"அது போயிட்டுது அக்கா."

அவள் என்னைப் பார்த்தாள், பூட்டிக் கிடந்த மச்சானின் அறையைப் பார்த்தாள், திரும்பவும் என்னைப் பார்த்தாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அட கடவுளே! நீங்கள் மெய்யாவே லீவுக்கோ வந்தனீங்கள்?"

ஒரு மாதம் என்ற விடுமுறை முடியவேயில்லை. கொழும்புத் தம்பி வரவுமில்லை. கோழிகள் மச்சான் காட்டிய இடங்களில் முட்டையிட்டன, கூரையும் அவர் காட்டிய இடத்தில் ஒழுகியது. மழை தொடங்கிய பிறகு மண்டபத்திலிருந்து யாரோ வழியாக அக்காவுக்குச் செய்தி வந்தது. பெண் பிள்ளையாம், தாயும் பிள்ளையும் சுகமாம். கருவாட்டில் உப்புக் கொஞ்சம் கூடவாம்.

"பாத்தீங்களே தம்பி, கடல் தாண்டிக் குடுத்துவிட்டும் குறை சொல்லுறாள்" என்று அக்கா நாள் முழுக்க மகளைத் திட்டிக்கொண்டே திரிந்தாள். அவள் அவ்வளவு சந்தோசமாகத் திட்டி நான் கேட்டதில்லை.