எருமைத் தயிரில் ஒட்டிய கதவு

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆழ்வார்பேட்டையில் ஒரு கார் ஷெட்டில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தோரு வயது. சாந்தோமில் எட்டாவது வரை படித்தவன். யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராது. மரத்தோடு வேலை என்பதால் அது பெரிய குறையாகத் தெரியாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் மயிலாப்பூர் வக்கீல் ஒருவருடைய ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே பேர் உட்காரும், தோல் சீட்டுப் போட்ட சீமை வண்டி. பெட்ரோல் ரேஷனால் நாலைந்து வருஷம் கொட்டகையிலேயே கிடந்தது. அதன் உடம்பு இரும்பு அல்ல. மரச் சட்டம், அதன்மேல் மெல்லிய பிளைவுட், பிளைவுட்டின்மேல் வார்னிஷ் குடித்த துணி. மூன்றும் ஒட்டிப் பிடித்தால்தான் பலம். கடற்காற்றில் எல்லாம் வெடித்திருந்தது. இடது கதவு மிக மோசம். விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. மூன்று வாரத்தில் வக்கீல் மனைவியோடு அந்த வண்டியில் பெங்களூர் போக வேண்டும். இடது பக்கம் உட்காரப் போகிறவர் அந்த அம்மாள்.

"தகரத்த வெட்டி ஆணி அடிச்சு வுடு நைனா. மேல பெயிண்ட் அடிச்சா எவனுக்குத் தெரியப் போவுது?" என்றார் மேஸ்திரி.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அந்த ஒல்லிச் சட்டம் தகரத்தின் பாரத்தைத் தாங்காது. டீத்தூள் வரும் பெட்டியின் பலகையைப் போட்டால் ஈரத்தில் ஏடு ஏடாகப் பிரியும். மூர் மார்க்கெட்டில் தேடி, யுத்தத்தில் மிஞ்சிய ஆகாய விமானப் பிளைவுட் துண்டுகள் வாங்கினேன். துணிக்குக் கித்தான் பார்த்தேன். கதவின் வளைவில் அது மடங்கவில்லை. காடாத் துணியே போதும் என்று முடிவு செய்தேன். பசைதான் பாக்கி.

ஷெட்டில் எப்போதும் மாட்டுத் தோலும் எலும்பும் போட்ட வஜ்ஜிரப் பசைதான் காய்ச்சுவோம். மழையில் இளகும் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் வக்கீலே அந்த நாற்றத்தைப் பிடித்துவிட்டார்.

"என்னது அது? தோலும் எலும்புமா? ஆத்து வாசல்ல நிக்கற வண்டிப்பா. வேற ஏதாவது பாரு."

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மேஸ்திரி என் காதில், "சீட்டு மட்டும் இன்னா, வாழ மட்டையா?" என்றார்.

யுத்த சமயத்தில் விமானம் பழுது பார்க்கும் இடத்தில் கொஞ்ச நாள் வேலை செய்திருந்தேன். அங்கே டப்பாவில் வந்த பசைப் பொடி வேறொன்றும் இல்லை, பால் திரிந்த கட்டியும் சுண்ணாம்பும். மழைக்கு எளிதில் விடாது. "பால்லயோ தயிர்லயோ பண்ணலாம் சாமி" என்றேன். வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். தயிர் தம் வீட்டிலிருந்தே வரும் என்றார். ஆடை முழுக்க எடுத்த பாலாக இருக்க வேண்டும், கொழுப்பு இருந்தால் பிடிக்காது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தையைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அந்த அம்மாளே வந்தார். சமையற்காரர் கையில் பெரிய கற்சட்டி.

"நயம் எருமைப் பால். ஆடையோட தோய்ச்சது. வேலை செய்யறவாளுக்குத் தண்ணி மோரா குடுக்கறது? வண்டிக்குப் போக மிச்சத்தை நீங்க சாப்பிடுங்கோ."

அந்த வீட்டில் வெண்ணெய் எடுத்த தயிரை வெளி மனிதருக்குக் கொடுப்பது அவமானம். அவ்வளவு பிரியமாகக் கொண்டுவந்ததை ஆகாது என்று எப்படிச் சொல்வது? கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். மேலேடாக ஆடையை வழித்தேன். துணியில் கட்டி அலசிப் பிழிந்தேன். கை வழவழத்தது. இவ்வளவுதானே என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு சுண்ணாம்பு சேர்த்து ஒட்டினேன்.

பலகையை அழுத்திப் பிடித்திருந்த இறுக்கிகளைக் கழற்றியபோது கதவு அழகாகத்தான் இருந்தது. துணி போர்த்தி வார்னிஷும் கொடுத்தாயிற்று. "கல்யாண மாப்புள மாரி கீது" என்றார் மேஸ்திரி. பயணத்துக்கு முதல் நாள் காலையில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். கீழ் ஓரம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொத்தென்று சத்தம் கொடுத்தது. நகர்த்தித் தட்டினேன். அங்கேயும் அப்படியே. அந்தப் பலகை விட்டால் சட்டம் கோணும், ஓட்டத்தில் கதவு திறந்துகொள்ளும்.

"ஒட்டலண்ணே" என்றேன்.

"ஒட்டாமத்தான் நிக்குதா? வாய மூடிக்கினு இரு. வண்டி எடுக்க வந்துக்கினு கீறாங்க."

இருவரும் வந்தார்கள். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டார். போய்க் கதவைத் திறந்தேன். கீழ் விளிம்பில் உளியைக் கொடுத்து நெம்பினேன்.

"டேய்! என்னடா பண்றே?" என்று வக்கீல் கத்தினார். மேஸ்திரி என் கையைப் பிடித்தார். அதற்குள் முழ நீளத்துக்குத் துணியும் பலகையும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. சட்டத்தில் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. அந்த அம்மாள் இறங்கி, விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏன்னா, வெண்ணெயாட்டம்னா இருக்கு."

"ஆடையில்லாத பால்தாம்மா வேணும். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலே?"

நான் உளியில் ஒட்டிய வெள்ளையை வழித்தேன்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? உசத்தியா குடுக்கறதா நெனச்சுண்டு நான் பாட்டுக்கு..." அவர் முகத்தில் கோபம் இல்லை. எல்லார் முன்னாலும் கூனிக்குறுகினாற்போல் இருந்தது. கோபித்திருந்தால் தேவலை.

"வஜ்ஜிரத்தையே போட்டு நாளைக்குக் குடு" என்றார் வக்கீல்.

"மழையில வுட்டுரும் சாமி. தரமாட்டேன்." நான் சொன்னதுதானா என்று எனக்கே சந்தேகம்.

அவர்கள் ரயிலில் போனார்கள். சமையற்காரர் கொண்டுவந்த வெண்ணெய் எடுத்த தயிரில் திரும்பவும் ஒட்டினேன். அங்குலம் அங்குலமாகத் தட்டினேன்; எங்கும் ஒரே சத்தம். ஊர் திரும்பியதும் வக்கீல் என் பக்கம் பார்க்காமல் வண்டியை எடுத்துப் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் லஸ் கடைவீதியில் அந்த வண்டியைப் பார்த்தேன். கதவில் ஒரு கீறல் இல்லை. இடது சீட்டில் கேஸ் கட்டுகள் இருந்தன. அன்றைக்குப் பிறகு அந்த அம்மாள் அதில் ஏறுவதே இல்லை என்று, அங்கே காய்கறி வாங்க வந்திருந்த சமையற்காரர் சொன்னார். கதவு சரியாகத்தான் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்குச் சொல்லி அனுப்ப நினைத்தேன். அதற்குள் சமையற்காரர் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.