பதினான்காம் குழி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் குளியலறையில் வெட்டிய புல்லின் வாசனை அடிக்கும். அப்பா கழற்றிப் போட்ட காலுறைகளில் ஒட்டியிருக்கும் பச்சைத் துணுக்குகளை அம்மா ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, எடுக்கும்போதே வீடு முழுக்கக் கேட்கும்படி திட்டி, அதன் பிறகுதான் வாளியில் ஊறப்போடுவாள். இன்றைக்கும் எங்காவது புல் வெட்டும் இயந்திரம் ஓடுகிற இடத்தை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பேன். மற்றவர்களுக்கு அந்த வாசனை மனதுக்கு இதமாக இருக்கிறதாம். இருக்கட்டும், கொடுத்துவைத்தவர்கள்.

லோத்குண்டாவில், ராணுவ நிலங்களை ஒட்டிய ஒரு தெருவில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் வரைபடப் பிரிவு அதிகாரி. சீருடை இல்லாதவர், அதனால் ராணுவத்தார் பேச்சில் 'சிவிலியன்'. திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் வீட்டுக்குள் அம்மா பேசியது ஊர்த் தமிழ்தான். காய்கறிக்காரனிடம் மட்டும் 'நக்கோ' (வேண்டாம்), 'கைக்கு' (எதுக்கு) என்று ஹைதராபாத் உருதுவில் வெளுத்து வாங்குவாள். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷ தூரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. சிவிலியன்களும் அதில் சேரலாம் என்று அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தபோது, எல்லாரும் படித்துச் சிரித்துவிட்டுப் போக, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கப்பா. எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மாவுக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது. மட்டைகள் அவளுக்குக் 'குச்சி', மைதானம் 'புல்லுக்காடு'. "கோலிக்காயக் குழியில தள்ளுததுக்கு நம்மூர்ப் பிள்ளையளுக்கு அஞ்சு நிமிசம் போதும். இவுகளுக்கு அஞ்சு மணி நேரம் வேணும், பூட்ஸ் வேணும், தொப்பி வேணும்" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாரத்தில் ஆறு நாள் அலுவலகம். ஏழாம் நாள் விடிந்தும் விடியாமலும் பையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார், திரும்பியதும் குளித்துச் சாப்பிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். போவன்பள்ளிச் சந்தைக்கு அம்மா தனியாகப் போய், ஒரு வாரத்துக் காய்கறியை இரண்டு கையிலும் சுமந்து, ஆட்டோக்காரனோடு சண்டை போட்டு வீடு வந்து சேருவாள். எனக்கும் ஆதங்கம் உண்டு. திங்கட்கிழமை வகுப்பில் மற்றப் பெண்கள் தங்கள் அப்பாவோடு ஹுசைன் சாகர் கரைக்குப் போய் ஐஸ்கிரீம் தின்ற கதையைச் சொல்லும்போது, எங்கப்பா தூங்கினார் என்று நான் எப்படிச் சொல்வது?

பத்து வயதில், அம்மா ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, என்னைத் தனியே விட முடியாமல் அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அந்த மனிதர் எதற்காக அப்படி ஓடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே பனி ஈரத்தோடு கிடந்த புல்லும், எங்கள் காலடிக்குக் கத்திக்கொண்டு பறந்த ஆள்காட்டிக் குருவிகளும், ஆள் அரவமே இல்லாத அந்த வெளிச்சமும் ஒரு பக்கம் இருக்க, அலுவலகத்தில் மேலதிகாரிக்கும் வீட்டில் அம்மாவுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே கூனிப்போன எங்கப்பா அங்கே நிமிர்ந்து நடந்தார். அவர் அடித்ததில் பாதிக்கு மேல் கோணல்தான். மரத்தில் பட்டது, மணலில் விழுந்தது, ஒன்று பின்னாலேயே வந்தது. ஆனால் ஏதோ ஓர் அடி மட்டும் மட்டையின் நடுவில் பட்டு, 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டு, பந்து எங்கோ உயரத்தில் போய் மெதுவாக இறங்கும். அந்த ஓர் அடிக்காகத்தான் வாரம் முழுக்க அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்றுகூட எனக்குத் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு விடுமுறை நாட்களில் நானும் தொற்றிக்கொண்டேன். "ரெண்டு கிறுக்கும் கிளம்பியாச்சா?" என்பாள் அம்மா. நடக்கும்போது அப்பா எனக்கு ஆட்ட விதிகளைச் சொல்லிக்கொண்டே வருவார். "பதினெட்டுக் குழிக்கும் சேத்து யாரு கொறஞ்ச அடி அடிக்காரோ அவருக்குத்தான் ஜெயிப்பு. இதுல அம்பயர்லாம் கிடையாது கோமு. எத்தன அடி அடிச்சோம்னு நாமதான் சொல்லணும்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துக் கபடியில் தொட்டவளே தொடவில்லை என்று சாதிப்பாள், இங்கே என்னவென்றால் புதருக்குப் பின்னால் நின்று தனியாக அடித்த ஆள் வெளியே வந்து தானாகவே 'நாலு' என்கிறார். போட்டி என்றால் மட்டும் ஒரு வழக்கம் உண்டு: ஒருவருடைய கணக்கைக் கூட ஆடுகிறவர் ஓர் அட்டையில் எழுதுவார், ஆட்டம் முடிந்ததும் இருவரும் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உண்மையில் அடித்ததைவிடக் குறைவான எண்ணில் கையெழுத்துப் போட்டுவிட்டால், வித்தியாசம் ஒரே ஓர் அடியாக இருந்தாலும், போட்டியிலிருந்தே வெளியே போக வேண்டியதுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதான கோடையில் ஒரு போட்டி வைத்தார்கள். முதல் பரிசு, இரண்டு கைப்பிடி வைத்த ஒரு வெள்ளிக் கோப்பை. முந்தின நாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "நாலு வருசமாப் போறியளே, ஒரு எவர்சில்வர் டம்ளராவது வாங்கிட்டு வந்திருக்கியளா?" வழக்கமான கிண்டல்தான், எப்போதும்போல அப்பாவும் சிரித்தார்; ஆனால் சிரித்த பிறகு தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அப்பாவோடு எப்போதும் ஆடுகிறவர் ஓய்வு பெற்ற ஒரு மேஜர், தெலுங்குக்காரர், பெருத்த உடம்பும் பெருத்த குரலும். நான் அவரை மேஜர் அங்கிள் என்பேன், அவர் என்னை 'அம்மாயி' என்பார், தெலுங்கில் 'பெண்ணே' என்று. அன்றைக்குப் படிக்கிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், அப்பாவின் அட்டையையும் பென்சிலையும் என் கையில் திணித்து, "நுவ்வே ராயி அம்மாயி" என்றார். நீயே எழுதும்மா என்று அவர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா அன்று ஆடியதுபோல் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. பதின்மூன்று குழிகள் முடிந்தபோது மேஜர் அங்கிளே பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஏதோ தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் நடந்தார். பதினான்காம் குழிக்கு முன்னால் ஒரு குட்டை. அப்பாவின் பந்து நேராக அதற்குள் போய் விழுந்தது. தண்ணீரில் விழுந்ததற்குத் தண்டனையாக ஓர் அடியும் சேர்த்து, மொத்தம் ஆறு. மேஜர் அங்கிள் முள்ளுப் புதருக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்து "ஆறு" என்று சொல்லிவிட்டு, மட்டையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் தோள் பழையபடி கூனியிருந்தது. நான் ஐந்து என்று எழுதினேன்.

கை தவறி எழுதவில்லை. சரியாகக் கேட்காமலும் எழுதவில்லை. ஒரு டம்ளருக்குக்கூட லாயக்கில்லை என்று அம்மா இனிமேல் சொல்லக் கூடாது என்று நினைத்து, தெரிந்தே எழுதினேன்.

ஆட்டம் முடிந்து வேப்பமரத்தடி மேஜையில் அட்டையை நீட்டியபோது அப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கையெழுத்துப் போட்டார். மேஜர் அங்கிள் நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தானும் கிறுக்கினார். கொஞ்ச நேரத்தில் கரும்பலகையில் அப்பாவின் பெயர் மேலே ஏறியது. இரண்டாவதாக வந்த இளம் கேப்டனைவிட ஒரே ஓர் அடி குறைவு. அப்பாவைச் சுற்றி நின்று எல்லாரும் கை குலுக்கினார்கள். சமோசாவும் சாயும் வந்தன. நான் சமோசாவைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தேன், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கெடுத்தது மேஜர் அங்கிளின் பாசம். அப்பா 'ஆறு' என்றது புதருக்குள் இருந்த அவர் காதிலும் விழுந்திருக்கிறது; நண்பனின் பெருமையைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. குட்டையில் பந்தை விட்டும் மனிதர் கலங்காமல் ஆடியதைக் கையை ஆட்டி ஆட்டி விவரித்து, "பதினாலுல ஆறு போட்டும் ஜெயிச்சாடு சூடு!", ஜெயித்துவிட்டார் பாருங்கள் என்று அப்பாவின் முதுகில் தட்டினார். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த செயலாளர் தலையை நிமிர்த்தி, அட்டையில் ஐந்து என்றல்லவா இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேஜர் அங்கிளின் கை அப்பாவின் முதுகிலேயே நின்றது. "ஆறு கதா, சுந்தரம்?", ஆறுதானே என்று அப்பாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். சின்னப் பெண் எழுதினது, தெரியாமல் செய்திருக்கும் என்று மேஜர் அங்கிள் தொடங்கியதைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அப்பா எழுந்து நின்றார். "ஆறுதான் சார். மை மிஸ்டேக். ஐ டிட் நாட் செக். அவ மேல தப்பில்ல" என்றார். செயலாளர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். விதியைச் சொன்னார், வருத்தம் தெரிவித்தார், கரும்பலகையில் அப்பாவின் பெயரை அழித்தார். பின்னாலிருந்து யாரோ ஒருவர் "சிவிலியன்ஸ்..." என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இப்போது சொல்லிவிடலாம், அந்த வளைவு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வீடு வரை வந்துவிட்டேன். "என்ன, டம்ளர் கிடைச்சுதா?" என்றாள் அம்மா. "இல்ல" என்று சிரித்துவிட்டு அப்பா குளிக்கப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. முதலில் அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். போவன்பள்ளிச் சந்தையில் அப்பா பின்னால் பையோடு வர, கத்திரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து ராணி மாதிரி வாங்கினாள். ஒரு மாதம் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா விடியற்காலை எழுந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மின்விசிறியைத் துடைப்பார், பழைய செய்தித்தாளையே இரண்டு முறை மடிப்பார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார். மேஜர் அங்கிள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார்; பிள்ளை தெரியாமல் எழுதியதை அப்பா தன் தப்பு என்று ஏற்றுக்கொண்டதை அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனார். "முதுகு வலி சார்" என்றார் அப்பா. கடைசியில் அம்மாவே பொறுக்க முடியாமல், "ஏங்க, சும்மாப் போயிட்டுத்தான் வாங்களேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்பா போகவே இல்லை.

நான்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைகளைப் பறித்தேன் என்ற நினைப்போடு படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். என் திருட்டைத் தன் கவனக்குறைவு என்று ஊரறியச் சொல்லி என்னைக் காப்பாற்றிய மனிதர் என்று அவரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். வேறு எந்த விளையாட்டாக இருந்தாலும் ஒரு நடுவர் விசில் ஊதியிருப்பார், அன்றோடு தீர்ந்திருக்கும். பாழாய்ப்போன இந்த ஆட்டத்தில் பார்க்க ஆளில்லாத இடத்தில் நடந்தது உள்ளேயே கிடந்து புழுத்துவிடுகிறது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் என் மகன், நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் புதிதாகத் தொடங்கிய கோல்ஃப் வகுப்பில் சேர வேண்டும் என்று அடம் பிடித்தான். அப்பா அப்போது இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். பேரனின் ஆசையைச் சொன்னதும் "சேத்து விடு, நல்ல விளையாட்டு" என்றார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. "அப்பா, அன்னைக்கு அஞ்சுன்னு நான் தெரிஞ்சேதான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் கையிலிருந்த ஆரஞ்சை உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கேதான். கையெழுத்துப் போடுததுக்கு முன்னாலயே பாத்தேன்." சுளைகளைப் பிரித்துத் தட்டில் வைத்தார். "பென்சில் கையிலதான் இருந்துச்சு. அழிச்சு எழுத ஒரு நிமிசம் ஆயிருக்காது. ஒரு தடவையாவது உங்கம்மாகிட்ட ஒரு கோப்பையக் கொண்டு வந்து காட்டணும்னு தோணிட்டு." விதைகளை ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ அதையே நெனச்சுக் குமைஞ்சுகிட்டு இருக்கேன்னும் தெரியும் கோமு. சொல்ல வாய் வரல."

எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, ஆத்திரம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இத்தனை வருஷம் இப்படி விடலாமா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவர் நெஞ்சில் தையல் போட்ட இடத்தைப் பார்த்தேன். ஆரஞ்சுச் சுளையை எடுத்துத் தின்றேன். ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். சண்டை போட எனக்கு அவர் அவகாசம் தரவில்லை.

மேஜர் அங்கிளின் வீடு இருந்த இடத்தில் இப்போது பல் மருத்துவமனை. முன்பு நாங்கள் ஸ்கூட்டரில் போன பாதையின் குறுக்கே ராணுவத்தார் போட்ட ஒரு கதவு நிற்கிறது. அதெல்லாம் போனால் போகட்டும். எனக்குள் இருந்த குற்ற உணர்வும் போய்விட்டது, அது போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது இருந்தவரைக்கும் தப்பு செய்தவள் நான் ஒருத்தி மட்டும்தான். எங்கப்பா ஒரு பொய்கூடச் சொல்லாதவர்.

போன வாரம் அவருடைய திதிக்கு வந்த உறவுக்காரப் பெண்ணிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "தான் செய்யாத தப்பக்கூடத் தன் தலையில போட்டுக்கிட்ட மனுசன். ஒரு நாளு ஒரு பொய் பேசினவுக இல்ல அவுக. கேட்டுப் பாரு, இந்தா இருக்காளே கோமு, அவளுக்குத் தெரியும்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஆமாம்மா" என்றேன்.