அனாக் என்றால் எனக்கு

பினாங்குக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் இல்லை. டத்தோ கிராமாட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருக்கும் இந்தப் பெண் குழந்தைகள் இல்லத்தில், அதை நடத்தும் கன்னியாஸ்திரி முதல் ஆகச் சின்னப் பிள்ளை வரை எல்லாருக்கும் நான் ‘ஊர் அக்கா’. இங்குள்ள தமிழர்களுக்கு ஊர் என்றால் இந்தியா. விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்து வந்த டிரைவர் அண்ணன், “நீங்க ஊரா?” என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, வள்ளியூர் என்றேன். “அதான்லா, ஊருதானே,” என்று சிரித்தார். பேச்சுக்குப் பேச்சு அவர் போட்ட ‘லா’ மட்டும் எனக்குப் புதிதில்லை. திருநெல்வேலிச் சீமையில் நாங்கள் போடாத லாவா? அந்த ஒரு எழுத்தை நம்பித்தான் இங்கே காலை ஊன்றினேன்.

காலையில் ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் சீப்பும் ரிப்பனுமாக என் முன்னால் வந்து வரிசை கட்டுவார்கள். ஜெபத்தில் ஒவ்வொருத்தியும் தனக்கு வேண்டியவர்களுக்காக வாய்விட்டு வேண்டிக்கொள்வது இங்குள்ள வழக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் ஷாமினியின் பக்கம் வைத்திருப்பேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. முதலில் அவள் அம்மா வருவாள். பிறகு இல்லத்துப் பூனை. அதற்கும் பிறகுதான் ஊர் அக்கா. பூனையோடு போட்டி போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று எனக்கே சிரிப்பு வரும். ஆனால் அம்மாவின் இடம் எனக்குச் சிரிப்பு இல்லை.

ஷாமினி என்னோடு ஒட்டிக்கொண்டதற்கு ஒரு தப்பர்த்தமே காரணம். வந்த புதிதில் அவளையும் கூட்டிக்கொண்டு பாசாருக்குப் போனேன். சந்தையைத்தான் இங்கே பாசார் என்கிறார்கள். கீரை விற்கும் சீன ஆண்ட்டி, என் கையைப் பிடித்து நின்ற ஷாமினியைக் காட்டி, “அனாக்?” என்றாள். இங்குள்ள சீனர் சிலருக்குத் தமிழ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ‘எனக்கா’ என்று கேட்டு வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டேன். நானும் விடாமல், “உனக்கு இல்ல, எனக்கு, எனக்கு,” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். ஆண்ட்டிக்கு ஒரே சந்தோஷம். திரும்பும் வழியில் ஷாமினி மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, அனாக்னா மலாய்ல பிள்ளை. நீங்க என்னை உங்க பிள்ளைன்னு சொல்லிட்டீங்க.” சொல்லிவிட்டு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அடுத்த வாரமும் ஆண்ட்டி அதையே கேட்டாள். அர்த்தம் தெரிந்தே தலையாட்டினேன்.

அவளைப் பெற்றவள் ஈஸ்வரி. நிபோங் திபாலில் இருந்துகொண்டு, ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் இங்கே விட்டிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவாள். அன்றைக்கென்று நான் ஷாமினிக்கு எண்ணெய் வைத்து, படியச் சீவி, இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டி அனுப்புவேன். ஈஸ்வரி வந்ததும் வராததுமாக, “என்னாடி இது, ஊர்க்காரங்க மாதிரி,” என்று அதை அவிழ்த்துவிட்டு ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுக் குதிரைவால் கட்டிவிடுவாள். ஷாமினியும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். சடைக்காக மட்டுமில்லை. இவளுக்கு ஒரு பஸ் ஏறினால் பிள்ளை. எனக்கு ஒரு கடலே தாண்ட வேண்டும்.

என் மகள் ஜெனி வள்ளியூரில் என் அக்கா வீட்டில் வளர்கிறாள். கணவர் தவறிய பிறகு, எங்கள் பங்குச் சாமியாரின் ஏற்பாட்டில், இல்லத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு வந்தேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கிளம்புவதற்கு முன்னால் அவளை உட்கார்த்தி வைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஜெனிக்கு ரசத்தில் மிளகு கடிபடக் கூடாது, காய்ச்சல் வந்தால் கால்மாட்டில் உட்கார வேண்டும், சடை மடித்துக் கட்டும்போது ரிப்பனைப் பாதிப் பின்னலிலேயே சேர்த்துப் பின்ன வேண்டும், கடைசியில் கட்டினால் மத்தியானத்துக்குள் நழுவிவிடும் என்பது வரை. அக்கா கெட்டிக்காரி. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஒருநாள் போனில் ஜெனி, “அம்மா கடைக்குப் போயிருக்காங்க,” என்றாள். “எந்த அம்மா?” என்றேன். “இங்க உள்ள அம்மா. நீங்க மலேசியாம்மால்லா,” என்றாள், ஒன்றுமே நடக்காதது போல. அன்றைக்கு அக்கா மேல் எனக்கு வந்த பொறாமைக்கு, அவள் ஒரு கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவளோ என் பிள்ளையைத் தங்கமாக வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஈஸ்வரி பையோடு வந்தாள். பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டதாம். ஷாமினியை ஒரேயடியாகக் கூட்டிப்போக வந்திருந்தாள். நான் ஒரு பக்கச் சடையை முடித்திருந்தேன். இந்த முறை அவள் அதை அவிழ்க்கவில்லை. தயங்கித் தயங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. லீவுக்கு வீட்டுக்கு வந்தா ஊர் அக்கா மாதிரி கட்டு, ஊர் அக்கா மாதிரி கட்டுன்னு ஒரே அழுகை. எனக்குத் தெரியாதுலா. அந்தக் கோவத்துலதான் இங்க வந்து அவிழ்த்து விடுவேன். இன்னைக்குச் சொல்லிக்கொடுங்க.”

அவளுக்கும் எரிந்திருக்கிறது. தெரிந்ததும் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. மறுபக்கச் சடையை அவள் பார்க்கப் பார்க்கப் பின்னிக் காட்டினேன். எல்லாம் சொன்னேன், ரிப்பனைத் தவிர. அதை மட்டும் கடைசியில் கட்டிக் காட்டினேன். ஒருத்திக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். இன்னொருத்திக்கும் எதற்கு?

இரண்டு நாளில் ஈஸ்வரியிடமிருந்து ஒரு படம் வந்தது. பள்ளிச் சீருடையில் ஷாமினி. ஒரு சடை மடித்தபடி, மற்றது நழுவித் தோளில் தொங்குகிறது. வாயெல்லாம் பல். “கோணலா போச்சுக்கா. ஆனா இதுதான் அழகுன்னு சொல்றா,” என்று எழுதியிருந்தாள்.

நேற்றுக் காலை தனியாகப் பாசாருக்குப் போனேன். கீரை ஆண்ட்டி என் பின்னால் எட்டிப் பார்த்து, “அனாக் மானா?” என்றாள். பிள்ளை எங்கே என்று அர்த்தம். “பாலிக் கம்போங்,” என்றேன். சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். மகளை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள் போல. முகம் வாடிப்போய், கேட்காமலே ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாக வைத்தாள். “லு பீலா பாலிக்?” என்றாள். நீ எப்போது திரும்பிப் போவாய்? கீரைக்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

இல்லத்து வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. பள்ளிக்குக் கிளம்பும் முன் ஜெனி.

“மலேசியாம்மா, அந்தப் பிள்ளைக்கு இப்பவும் நீங்கதான் சடை போடுதீங்களா?”

ஷாமினிக்குச் சடை பின்னுவதை எப்போதோ ஒருநாள் போனில் சொல்லியிருந்தேன். இத்தனை நாளும் அவள் அதை மனசில் வைத்திருந்தாளா என்று திகைத்துப்போனேன்.

“இல்லம்மா. அவ அவளோட அம்மாகிட்ட போயிட்டா.”

“அவங்களுக்குப் போடத் தெரியுமா?”

“தெரியாது. கோணலாத்தான் வரும்.”

“வந்தா என்ன. அவ அம்மால்லா,” என்றாள்.

உள்ளேயிருந்து, மத்தியானப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சீப்பும் கையுமாக, ‘ஊர் அக்கா, ஊர் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். காதில் மலேசியாம்மா என்று ஒரு குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றேன்.