துலுக்காணம் நட்ட இருபது கம்பிகள்

பழவேற்காட்டு ஏரியில் நாற்பது வருஷம் வலை போட்ட துலுக்காணம், கடைசி இரண்டு வருஷம் சேறு தோண்டினார். சதுப்பு மண்ணை ஆராய்ச்சி செய்யும் ஜபீனுக்குப் படகு ஓட்டப் போனவர், மண் எடுக்கிற வேலையையும் தானே ஏற்றுக்கொண்டார். குதிகாலை ஒரு முறை அழுத்தினால் போதும். அழுகின முட்டை நாற்றம் வீசும் கருஞ்சேறு எத்தனை விரல் ஆழத்தில் தொடங்குகிறது என்று சொல்லிவிடுவார். ஜபீன் குழாய் இறக்கிப் பார்ப்பாள். சரியாக இருக்கும்.

இதெல்லாம் அவர் மகள் பிரேமாவுக்கு ஜபீன் சொல்லித்தான் தெரியும். பிரேமாவுக்குப் பொறுக்காதது அதுதான். சின்ன வயதில் அவள் சேற்றில் கால் வைத்தால், "மேல ஏறு, நீ படிக்கிற பொண்ணு" என்று கையைப் பிடித்துக் கரையேற்றியவர் அவர். அவளும் படித்தாள். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஜவுளிக்கடைக்காரர் மகள் ஜபீனோ முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, பெற்ற மகளைப் போலவே அவரை "நைனா" என்று கூப்பிட்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் பிரேமாவுக்கு வயிறு எரிந்தது.

போன மாசியில் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பிய மகளிடம் துலுக்காணம் ஓர் உதவி கேட்டார்.

"ஜபீன் பாப்பாவுக்கு இருவது கம்பி வேணுமாம்மா. பூச்சு இல்லாத வெறுங்கம்பி. சேத்துல ஒரு மாசம் நட்டு வச்சா, காத்து எது வரைக்கும் எறங்குதோ அது வரைக்கும் துரு புடிக்குமாம். சதுப்புல மொளைக்கிற உமரிச் செடி வேரு கிட்ட ஆழமா எறங்கும்னு நான் சொல்லிக்கினே இருக்கேன். பாத்துடலாம்னுது."

"கம்பிகூட நீதான் வாங்கித் தரணுமா நைனா? அவங்க காலேஜுல இன்னா பஞ்சமா?"

"எம் பொண்ணு இரும்புல கெட்டிக்காரின்னு நான்தான் பீத்திக்கினேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் குளிர்ந்திருக்கலாம். குளிரவில்லை. ஆலை ஸ்டோரில் துத்தநாகம் பூசிய கம்பிகளை வாங்கி வெட்டி, நீர்த்த அமிலத்தில் நனைத்துப் பளபளப்பை மங்கடித்து, கோணியில் சுற்றிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அதில் செந்துரு ஏறாது. நைனா சொன்னது பொய்யாகட்டும், அந்தப் பெண் ஒரு முறையாவது அவரைச் சந்தேகத்தோடு பார்க்கட்டும் என்பதே அவள் எண்ணம்.

துலுக்காணம் ஒரு கம்பியை உருவி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சரிம்மா" என்றார். கொண்டுபோய் நட்டார்.

ஒரு மாதம் கழித்துப் பிடுங்கினார்கள். இருபதிலும் துரு இல்லை. அதற்கு எட்டாம் நாள், படகைக் கட்டிவிட்டு வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் ஜபீன் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. தன்னைவிட அதிகமாக அழுதிருப்பாளோ என்று பிரேமா பார்த்தாள்.

"அந்தக் கம்பி விஷயத்த மனசுல வச்சிக்கினு இருக்காதீங்கக்கா. புடுங்கின அன்னிக்கே நைனா சொல்லிட்டாரு. படகுக்கு ஆணி அடிச்ச கை, பூச்சுக் கம்பி தெரியாதான்னாரு. ஸ்டோர்காரன் மாத்திக் குடுத்துட்டான், எம் பொண்ணு அவசரத்துல கவனிக்கலன்னாரு. மறுபடி நடலாம்னு எடம்கூட குறிச்சு வச்சாரு."

பிரேமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டைவிரலால் தடவிய நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரும்பில் கெட்டிக்காரி கவனிக்காமல் இருக்க மாட்டாள் என்பதும் தெரிந்திருக்கும். திருப்பிக் கொடுத்தால் மகள் தலைகுனிவாள் என்று, தெரிந்தே கொண்டுபோய் நட்டிருக்கிறார். ஏரியைப் பற்றிய எல்லாவற்றையும் ஜபீனுக்குச் சொன்னவர், இதை மட்டும் சொல்லவில்லை.

உண்மை வாய்வரை வந்தது. சொன்னால், நைனா அவளுக்கென்று விட்டுப்போன அந்த ஒன்றும் ஜபீனிடம் போய்விடும்.

"ஆமா. ஸ்டோர்காரன்தான்" என்றாள்.

அடுத்த வாரம் இருபது வெறுங்கம்பிகளை வெட்டி, எண்ணெய் போகத் துடைத்து, ஏரிக்கு எடுத்துப் போனாள். ஜபீன் கை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் நடறேன். உங்களுக்குப் பழக்கமில்ல."

"நீ நோட்டுல எழுது" என்றாள் பிரேமா.

செருப்பைக் கழற்றிவிட்டு, உமரிச் செடிகளுக்கு நடுவே இறங்கிக் குதிகாலை அழுத்தினாள். எத்தனை விரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.