ஒற்றைக்கால் கால்நடை

சாயங்காலம் ஆறு அடித்ததும் ஸ்தோய்கா குழாயைத் திறந்து மரப்பலகைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். பகலெல்லாம் பலகைக்கடியில் ஒட்டிக்கிடந்த நத்தைகள் கொம்பை நீட்டிக்கொண்டு வெளியே வருகின்றன. "வாங்க மகாராணிகளா, சாப்பாடு ரெடி!" என்று அவள் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. நத்தைக்குக் காது கிடையாது என்று கணவன் மிங்கோ பலமுறை சொல்லிவிட்டான்.

"உனக்குத்தான் ரெண்டு காது இருக்கே. நான் சொன்னதை என்னிக்குக் கேட்டே?"

டான்யூப் நதிக்கரை ஊரில் இருபது வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவள். வயது அறுபத்தொன்று ஆகியும் அந்தத் தொண்டை தளரவில்லை. பத்து வருடமாக நத்தை வளர்த்து இத்தாலி உணவகங்களுக்கு அனுப்புகிறாள். அவள் எங்கே போனாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு நத்தையாவது எட்டிப்பார்க்கும். ஒருமுறை தேவாலயத்தில் அப்படி ஒன்று பாதிரியாரின் தோளில் ஏறிவிட்டது. "புண்ணியம் தேடிப் போயிருக்கு, விடுங்க சாமி" என்றாள்.

கொரோனா வந்த வசந்தத்தில், நத்தை வாங்கும் இத்தாலிக்காரர் தொலைபேசியில் அழுதார். உணவகங்களுக்கெல்லாம் பூட்டு. விற்காத நத்தைக்கும் பசிக்குமே! தீவனம் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். பண்ணைகளுக்கு அரசு நிவாரணம் தருகிறது என்று வானொலியில் கேட்டதும் விவசாய அலுவலகத்துக்கு ஓடினாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரி ப்ளாமென் படிவத்தைப் புரட்டினார்.

"மாடு இருக்கு, ஆடு, கோழி, தேனீகூட இருக்கு. நத்தை கால்நடைலயே வராதேக்கா."

"காலால நடக்கிறதுதானே கால்நடை? இதுவும் நடக்குது. உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி கொஞ்சம் மெதுவா."

"அதுக்குக் காலே கிடையாதே!"

"வயிறு பூரா கால்தான் தம்பி. நாலு கால் மாட்டுக்கு முழுசாத் தர்றே. இதுக்கு ஒரே கால். கால்வாசியாவது குடு!"

வரிசையில் நின்றவர்கள் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள்.

"சரி, எத்தனை உருப்படி?"

"மூணு லட்சம்."

பேனா நின்றுவிட்டது. நேரில் எண்ணிப் பார்க்காமல் எழுத முடியாது என்றார்.

அவர் வந்த அன்று நல்ல தூறல். மூன்று லட்சமும் குஷியாகப் பலகை மேல் ஏறி ஊர்ந்துகொண்டிருந்தன. ப்ளாமென் ஒரே ஒரு பலகையை எண்ணத் தொடங்கினார். நூற்றுப்பத்து வரை வந்ததும், எண்ணியவை எண்ணாதவற்றோடு கலந்துவிட்டன. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் முறை, "ஓடாதீங்கடி!" என்று அவரே கத்திவிட்டார். ஸ்தோய்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரப்புல்லில் உட்கார்ந்தாள். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் படிவத்தின் ஓரத்தில் கையாலேயே ஒரு கட்டம் வரைந்து, 'இதர கால்நடை' என்று எழுதினார்.

"மேலிடத்துக்கு அனுப்புறேன். வாக்கு மட்டும் கேக்காதீங்க."

மூன்று வாரமாகப் பதிலே வரவில்லை. தீவனம் தீர்ந்தது. நத்தையைத் தொடவே கூசும் மிங்கோ சாலையோரக் கீரையை மூட்டை மூட்டையாக அறுத்துவந்து, கண்ணை மூடிக்கொண்டு பலகைமேல் கொட்டினான். ஸ்தோய்கா சிரிப்பதை நிறுத்தியது அந்த மூன்று வாரம்தான்.

ஒரு காலை, ரொட்டிக்கடை முன்னால் ஆளுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்றிருந்தார்கள். ஸ்தோய்காவின் கைபேசி சிணுங்கியது. வங்கியின் செய்தி. இரண்டு முறை படித்தாள்.

"வந்துடுச்சு! இலையுதிர் காலம் வரைக்கும் தீவனத்துக்குக் கவலையில்ல! கால்நடைதான்னு கவர்மெண்டே ஒத்துக்கிச்சு!"

பேருந்தின் கடைசி இருக்கை வரை எட்டிய அந்தக் குரல் தெருக்கோடி வரை போனது. கடைக்காரர் ரொட்டித் தட்டில் தாளம் போட, அவள் கால் தானாக ஊர் நடனமான ஹோரோ ஆடத் தொடங்கியது. ஆனால் ஹோரோ தனியாக ஆடுவதல்ல. கைகோத்து ஆட வேண்டும். கையைத் தொடவோ தடை.

ஒரு கணம் யோசித்தாள். தலையில் கட்டியிருந்த துணியைச் சரேலென்று அவிழ்த்து, ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பின்னால் நின்றவளை நோக்கி வீசினாள்.