பெட்டிக்கு ஒரு சட்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலுக்கு அது ஆகாது. "நான் ஒண்ணுமே பண்ணல, அதுவா நின்னுடுச்சு" என்று சொல்லாத வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை. பக்கம் அக்கா சொன்னபோது மட்டும் அது உண்மையாகவே இருந்தது.

அச்சகத்துக்குப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து, பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுப்பவர் என்பதால் அந்தப் பெயர். கணவர் தையல்காரர். முன்னறையின் ஒரு பாதி அவருடைய தையல் மெஷினுக்கும் ஓவர்லாக்குக்கும் சரியாகப் போய்விட்டது. மறுபாதியில் அக்காவின் மேசை. அந்த வீட்டில் அக்காவுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். "இது முன்னாடி உக்காந்தாதான் தம்பி, அடுப்புல என்ன இருக்குன்னு மறந்து போகுது" என்று சிரிப்பார்.

அந்தக் கம்ப்யூட்டர்தான் வேலை நடுவில் பொட்டென்று அணைந்துகொண்டிருந்தது. அமைத்த பக்கமெல்லாம் போய்விடும். அச்சகக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்மா" என்று சொல்லிவிட்டார்.

கடைக்குத் தூக்கி வந்து திறந்தேன். ஃபேனுக்கு அடியில் மெத்தை தைக்கலாம் போலப் பஞ்சு. ஊதித் தள்ளினேன், பிராசஸர் மேல் சூடு தணிக்கும் பேஸ்ட் மாற்றினேன். நாள் முழுக்க ஓடவிட்டேன். சாதுவாக ஓடியது. வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி. வெளியில் எலி, வீட்டில் புலி என்பது மனிதர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நேரில் போய்ப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஓவர்லாக் துணியின் ஓரத்தை வெட்டி வெட்டித் தைக்க, பிசிறு அறையெங்கும் பறக்கிறது. ஃபேன் அதை மூச்சாக இழுக்கிறது. "மேசையை உள்ள மாத்துங்க" என்றேன். உள்ளறையில் துணிக்கட்டு, சமையலறையில் ஆவி. எங்கே மாற்றுவது?

"பிசிறு உள்ள போகாம இருந்தாப் போதும்ல? அதை நான் பாத்துக்கறேன் தம்பி" என்றார் தையல்காரர். நல்ல மனிதர். அதைச் சொல்லாவிட்டால் பாவம் வரும்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். "உடனே வாங்க தம்பி" என்றார். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டி சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. காலருக்குள் வைக்கும் கேன்வாஸில் அளவெடுத்துத் தைத்த உறை. ஓரமெல்லாம் பைப்பிங், ஒயர் வரும் இடத்தில் எலாஸ்டிக், பவர் பட்டனுக்கு ஒரு சின்ன மூடி. எறும்பு நுழைய இடமில்லை. காற்று எப்படி நுழையும்? எனக்குச் சிரிப்பு வந்தது. உறையைக் கழற்றியதும் கருகிய வாடை வந்தது, சிரிப்பு போய்விட்டது. கடைசி அத்தியாயத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டுமென்று அணைய அணைய அக்கா மறுபடி போட்டிருக்கிறார். மதர்போர்டு வெந்துவிட்டது.

"சூடு தெரியலயாக்கா? கழட்டிப் போட வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"எனக்கும் சந்தேகம்தான் தம்பி. ஆசையா தைச்சுட்டு வந்து, 'எப்படி இருக்கு'ன்னு கேக்கறவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

அந்தப் பழைய போர்டு இப்போது எங்கும் கிடைப்பதில்லை. புதுப் பெட்டிக்கு அவர்களிடம் வழியில்லை. டிஸ்க்கிலிருந்த பக்கங்களை நான் எடுத்துக் கொடுத்தேன். அச்சகக்காரர் வாங்கிப் போய் வேறு ஆளிடம் கொடுத்தார். அதோடு சரி. புறப்படும்போது அக்கா வாசல்வரை வந்தார். "பெட்டிக்கு வயசாயிடுச்சு, அதான் போச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. உறையாலன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்." அப்படியே சொன்னேன். அவரும் நம்பினார்.

பிறகு ஒருநாள் பேண்ட்டைக் குட்டையாக்கக் கொண்டுபோனேன். அக்காவின் மேசை மேல் துணி வெட்டிக்கொண்டிருந்தார் தையல்காரர். அக்கா கீழே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் சரிந்திருந்தது. கண்ணுக்கடியில் கருப்பு விழுந்திருந்தது.

"பாருங்க தம்பி, எவ்வளவு வேகமா தைக்கிறா!" என்றார் அவர். "செத்த பெட்டியைக் கட்டிக்கிட்டு மாரடிச்சா. வயசானது போகத்தானே செய்யும்? எப்பவோ விட்டுத் தொலைச்சிருந்தா இத்தனை வருஷம் எனக்குக் கூடுதலா ஒரு கை இருந்திருக்கும். எல்லாம் இவ பிடிவாதம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆமா தம்பி, நான் பிடிவாதக்காரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.